வாசல்நிலைக்கு ஒரு தோரணம்: வண்ணப் பருத்தி நூலில் குரோஷா

பத்தமடைப் பாயில் நிறம் கொஞ்சம்தான். பெரும்பரப்பு கோரையின் வெளிர்மஞ்சள். சிவப்பு, பச்சை, கறுப்பு மூன்றும் தலைப்புகளிலும் ஓரங்களிலும் பட்டை பட்டையாக வந்து நின்றுவிடும். ஆனாலும் அதை விரித்த அறைக்குள் நுழைந்தால் கண் நேராக அதன்மேல்தான் போகும். வீட்டுக்கு வண்ண நூலில் ஏதாவது பின்ன உட்காருகிறவர்கள் அந்தப் பாயை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டு ஊசியை எடுப்பது நல்லது. கடையில் கண்ட பத்து நிறத்தையும் வாங்கி, பத்தையும் ஒரே குஷன் உறையில் ஏற்றிவிட வேண்டும் என்பது புதிதாகப் பழகுகிற எல்லோருக்கும் வரும் ஆசை. அந்த உறை மடியில் இருக்கும்வரை அழகாகத்தான் இருக்கும். சோபாவில் வைத்ததும் அறையோடு ஒட்டாது.

இந்த அத்தியாயம் குரோஷாவைப் பற்றியது. ஸ்வெட்டர் பின்னும் இரட்டை ஊசிப் பின்னல் இழுத்தால் விரியும். தொங்கவிட்டால் நாளாக ஆக நீண்டு தொய்யும். உடம்போடு ஒட்டும் உடைக்கு அந்தக் குணம் வேண்டும். தோரணத்துக்கும் டம்ளர் மேட்டுக்கும் வேண்டியது வடிவம் மாறாத உறுதி. ஒற்றைக் கொக்கி ஊசியால் கண்ணிக்குள் கண்ணியாகப் போடும் குரோஷாவில் அது கிடைக்கிறது. தவறினால் அந்த ஒரு கண்ணிவரை பிரித்து மறுபடி போடலாம் என்பது பழகுகிறவர்களுக்கு இன்னொரு வசதி.

நெல்லைப் பக்கத்தில் நூல் கைவேலைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1841-இல் இடையன்குடியில் குடியேறிய ராபர்ட் கால்டுவெல்லைத் தமிழ்நாடு ஒப்பிலக்கண ஆசிரியராக அறியும். அவர் 1844-இல் மணந்த எலைசா, நாகர்கோவில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மகள். எலைசாவின் தாயார் மார்த்தா, நாகர்கோவிலில் தம் விடுதிப் பள்ளிப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தவர். மகள் அந்த வேலையை இடையன்குடிக்குக் கொண்டுவந்தார். தாமிரபரணிப் பாசனம் எட்டாத தேரிமணல் பூமி அது. பனையை விட்டால் வேறு வருமானம் அரிது. அங்கே வீட்டில் இருந்தபடி பெண்கள் கையில் காசு பார்க்க வழி செய்தது லேஸ். திண்டின்மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வேலை அது. குரோஷா வேறு நுட்பம். ஆனால் நூலை வைத்தே துளைகளுக்கு வடிவம் தரும் கண்ணும், ஓரம் பிசகாத கையும் இரண்டுக்கும் பொது. பள்ளித் தையல் வகுப்புகள் வழியாகக் குரோஷா வீடுகளுக்குள் வந்தபோது அதற்குப் பழகிய கைகள் இங்கே ஏற்கெனவே இருந்தன.

நூலும் இந்த ஆற்றோடு சம்பந்தப்பட்டதுதான். 1880-களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசம் அடிவாரத்தில், இன்றைய விக்கிரமசிங்கபுரத்தில், தாமிரபரணி விழுந்து வரும் வேகத்தையே விசையாக்கி நூற்பாலை நிறுவினார்கள். 1908-இல் வ.உ.சி. முன்னின்று நடத்திய தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தம் இதே ஹார்வி நிறுவனத்தை எதிர்த்துத்தான். பிற்பாடு அது மதுரா மில்ஸ் ஆகி, 1974-இல் கோட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆனது. ஃபேன்சி கடைகளில் ‘ஆங்கர்’ என்று கேட்டு வாங்குகிற எம்ப்ராய்டரி நூலும் குரோஷா நூலும் அந்தக் குடும்பத்துப் பெயர்.

நூல் எது?

டவுன் ரத வீதிகளிலோ பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கமோ ஃபேன்சி கடையில் போய் ‘உல்லன் நூல்’ என்று கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் அக்ரிலிக். விலை குறைவு, நிறம் ஏராளம். ஆனால் நெல்லை வீட்டுக்கு அது ஒத்துவராது. தூசியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சில மாதத்தில் மேலே பந்து பந்தாகத் திரளும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, சூடு தாங்காது: அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை அக்ரிலிக் மேட்டின்மேல் வைத்தால் நூல் உருகிப் பாத்திரத்தின் அடியில் ஒட்டும். மேசைக்கும் சமையலறைக்கும் பருத்தி தவிர வேறு நூலே வேண்டாம். அசல் கம்பளி இந்த ஊரில் பூச்சிக்குத்தான் தீனி.

பருத்தி குரோஷா நூலில் எண் கூடக் கூட நூல் மெலியும். 20-ஆம் எண் நூலுக்கு 1.25 மில்லிமீட்டர் அளவிலான எஃகு ஊசி, 10-ஆம் எண்ணுக்கு 1.5 என்று வைத்துக்கொள்ளலாம். அவை லேஸ் ஓரத்துக்கு ஏற்றவை; தொடக்கத்திலேயே எடுத்தால் கண்ணும் வலிக்கும், பொறுமையும் போகும். நான்கு புரி முறுக்கிய சற்றுத் தடித்த பருத்தி நூலும் 3 மில்லிமீட்டர் அலுமினிய ஊசியும் போதும். இனி வரும் கணக்குகள் எல்லாம் அந்த நூலுக்கும் ஊசிக்கும் உரியவை. அதில் ஒரு கண்ணி ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் அகலம் வரும். கைக்குக் கை இது மாறும். அதனால் முதலில் 25 கண்ணி போட்டு அளந்து பார்க்க வேண்டும்: 10 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் ஊசியை அரை அளவு கூட்டுவது, மிஞ்சினால் குறைப்பது.

வாங்கியதும் இன்னொரு சோதனை. ஒவ்வொரு நிறத்திலும் ஒரு முழம் நூலை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்தினால் சாயம் போகிற நூல் அப்போதே தெரிந்துவிடும். அடர்சிவப்பும் கருநீலமும்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் நின்றுவிடும் என்று சொல்வார்கள். இன்றைய ரசாயனச் சாயத்தை அதை நம்பி விட முடியாது. நூலைக் கண்டாகச் சுற்றி, தண்ணீர் தெளியும்வரை அலசி, நிழலில் உலர்த்திவிட்டுப் பின்னுவதே வழி. வெள்ளைக்குப் பக்கத்தில் சாயம் போகும் சிவப்பை வைத்து முழு உறையும் பின்னிவிட்டு, முதல் துவைப்பில் எல்லாம் ரோஸ் நிறமாகிப் போன வீடுகள் நிறைய.

கையின் வேலை

நூல் உருண்டையிலிருந்து வரும் இழை இடது கை ஆள்காட்டி விரலின்மேல் ஏறி, நடுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே பிடித்திருக்கும் பின்னலுக்கு வர வேண்டும். அந்த ஆள்காட்டி விரல்தான் நூலின் இறுக்கத்தைத் தீர்மானிக்கிறது. விரலை விறைப்பாக நீட்டினால் கண்ணி இறுகி, அடுத்த சுற்றில் ஊசி நுழையாது. புதியவர்கள் ஊசியைக் குறை சொல்வார்கள். சரிசெய்ய வேண்டியது விரலை.

போட வேண்டிய கண்ணிகள் நான்கே. முதலாவது செயின்: நூலைக் கொக்கியில் பிடித்து, ஊசியில் இருக்கும் கண்ணி வழியே இழுப்பது. அடுத்தது சிங்கிள்: ஊசியைப் பின்னலுக்குள் நுழைத்து நூலை இழுத்தால் ஊசியில் இரண்டு கண்ணி நிற்கும், மறுபடி நூல் பிடித்து இரண்டையும் ஒரே இழுப்பில் கழிக்க வேண்டும். டபுளுக்கு, நுழைப்பதற்கு முன்பே ஊசியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ள வேண்டும்; இழுத்ததும் மூன்று கண்ணி நிற்கும்; முதலில் இரண்டு, பிறகு மீதி இரண்டு என்று கழிப்பது. அந்த மூன்றையும் ஒரே இழுப்பில் கழித்தால் ஆஃப் டபுள். இவை தவிர, சுற்றின் முடிவை ஆரம்பத்தோடு சேர்க்க ஸ்லிப்: நுழைத்த நூலை ஊசியில் இருக்கும் கண்ணி வழியாகவும் அப்படியே வெளியே எடுத்துவிடுவது.

ஓர் எச்சரிக்கை இங்கே அவசியம். இந்தப் பெயர்கள் அமெரிக்க வழக்கு. பிரிட்டிஷ் வழக்கில் எழுதிய பழைய புத்தகங்களில் இதே டபுளுக்கு ட்ரெபிள் என்று பெயர். அங்கே டபுள் என்றால் இங்கே சிங்கிள். அம்மா காலத்துப் புத்தகத்தையும் யூடியூப் காணொளியையும் ஒன்றாக வைத்துப் பின்னினால் வேலை பாதி உயரத்தில் வந்து நிற்பது இதனால்தான்.

நிறம் மாற்றுவதில் ஒரே ஒரு நுணுக்கம் உண்டு. வேலையின் முகமே அதில்தான் இருக்கிறது. சிவப்பு முடிந்து பச்சை தொடங்க வேண்டுமென்றால், சிவப்பின் கடைசி டபுளை முடித்துவிட்டுப் பச்சையைக் கட்டக் கூடாது. கடைசி டபுளில் இரண்டு கண்ணி மீதி நிற்கும்போதே சிவப்பை விட்டுவிட்டு, பச்சையைக் கொக்கியில் பிடித்து அந்த இரண்டையும் கழிக்க வேண்டும். அடுத்த கண்ணியின் தலை அப்போது பச்சையாக இருக்கும். இரண்டு நிறமும் கத்தரித்தது போல நேர்கோட்டில் பிரியும். முடித்துவிட்டுக் கட்டினால் பச்சை வரிசையின் தலையில் ஒரு சிவப்புப் புள்ளி துருத்திக்கொண்டு நிற்கும். மிச்ச நூலை முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டிவிடுவதும் கூடாது. ஒரு சாண் விட்டு வெட்டி, மொட்டை ஊசியில் கோத்து, அதே நிறக் கண்ணிகளுக்குள் முன்னும் பின்னுமாக இருமுறை ஓட்டிவிட்டால் பத்து முறை துவைத்தாலும் அவிழாது.

வட்டத்தில் தொடங்குவது

முதல் வேலை டம்ளர் மேட். வட்டம் தட்டையாக வருவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: டபுளில் போட்டால் ஒவ்வொரு சுற்றிலும் 12 கண்ணி கூட வேண்டும், சிங்கிளில் போட்டால் 6. நான்கு செயினை ஸ்லிப் போட்டு வளையமாக்கி, அதற்குள் 12 டபுள். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் போடும் மூன்று செயின் ஒரு டபுளாகவே கணக்கு. இரண்டாம் சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டு, ஆக 24. மூன்றாவதில் ஒன்றுவிட்டு ஒன்றில் இரண்டு, 36. நான்காவதில் மூன்றுக்கு ஒருமுறை இரண்டு, 48. ஐந்தாவதில் 60. அந்த ஐந்து சுற்றில் விட்டம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். காப்பி டபரா உட்காரச் சரியாக இருக்கும். கூட்டுவது குறைந்தால் ஓரம் கிண்ணம்போல மேலே எழும். அதிகமானால் ஓரம் அலை அலையாக நெளியும். இரண்டையும் இஸ்திரி போட்டுத் திருத்த முடியாது, பிரிக்கத்தான் வேண்டும்.

ஆனால் அந்த நெளிவை வேண்டுமென்றே வரவழைத்தால் கேந்திப்பூ கிடைக்கும். வளையத்துக்குள் 10 டபுள். அடுத்த சுற்றில் ஒவ்வொன்றிலும் மூன்று டபுள், 30. அதற்கடுத்ததில் ஒவ்வொன்றிலும் இரண்டு சிங்கிள், 60. ஓரம் தாங்காமல் சுருண்டு, அடுக்கடுக்கான இதழாகத் திரண்டுவிடும். முதல் இரண்டு சுற்று ஆரஞ்சு, கடைசிச் சுற்று மஞ்சள் என்று மாற்றினால் கோயில் வாசல் பூக்கடையில் குவித்திருக்கும் பூவின் நிறமே வரும்.

இந்தப் பூவோடு மாவிலை சேர்ந்தால் தோரணம். இலைக்கு 21 செயின் போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது செயினில் தொடங்க வேண்டும்: 2 சிங்கிள், 3 ஆஃப் டபுள், 10 டபுள், 3 ஆஃப் டபுள், 1 சிங்கிள். கடைசிச் செயினில் மூன்று சிங்கிள் போட்டால் பின்னல் தானாக மறுபக்கம் திரும்பும். அதுதான் இலையின் நுனி. மறுபக்கத்தில் 1 சிங்கிள், 3 ஆஃப் டபுள், 10 டபுள், 3 ஆஃப் டபுள், 2 சிங்கிள், ஸ்லிப் போட்டு முடித்தால் எட்டு சென்டிமீட்டர் நீளத்தில் நடுநரம்போடு கூடிய இலை. உயரம் குறைந்த கண்ணி இருமுனையிலும், உயர்ந்தவை நடுவிலும் வருவதால் தைக்காமலேயே இலைக்கு வடிவம் வந்துவிடுகிறது. எல்லா இலையும் ஒரே பச்சையாக இருந்தால் பிளாஸ்டிக் தோரணத்தின் சாயல் வரும். கிளிப்பச்சையும் ராமர் பச்சையும் மாறி மாறி வர, நடுவில் ஒரே ஒரு மாந்தளிர் நிற இலை வைத்தால் மரத்திலிருந்து பறித்த கொத்தின் உயிர் வரும்.

மூன்றடி வாசலுக்கு 90 சென்டிமீட்டர் பட்டை வேண்டும். 225 செயின் போட்டு, அதன்மேல் இரண்டு வரி சிங்கிள். தொங்கும்போது நூல் கொஞ்சம் நீளும் என்பதால் பத்துச் செயின் குறைத்தே தொடங்கலாம். 6 சென்டிமீட்டருக்கு ஓர் இலை என்றால் 15 இலை. ஒற்றைப்படை என்பதால் நடு இலை சரியாக நிலையின் மையத்தில் வந்து நிற்கும். இலைக்கும் இலைக்கும் நடுவே ஒரு பூ.

மாட்டும்போது ஆடிக்காற்றை நினைவில் வைக்க வேண்டும். ஆனி தொடங்கி மேற்கிலிருந்து வீசும் காற்று நெல்லை வீட்டு வாசல்களைச் சும்மா விடாது. பஞ்சுபோல லேசான தோரணம் ஒரே நாளில் சுருண்டு முறுக்கிக்கொள்ளும். ஒவ்வொரு இலை நுனியிலும் ஒரு மரமணி கோத்தால் கனம் கிடைக்கும். பட்டையின் பின்புறம் அலுமினியக் கம்பி அல்லது மெல்லிய மூங்கில் சிம்பைச் செருகிவிட்டால் நடுவில் தொய்யாது. கார்த்திகைக்கு நிலைமாடத்தில் விளக்கேற்றும் வீடுகளில் அந்த நாட்களுக்குத் தோரணத்தைக் கழற்றிவைத்துவிட வேண்டும், பருத்தியும் தீப்பிடிக்கும்.

காற்றைப் பயன்படுத்திக்கொள்ளும் அலங்காரமும் உண்டு. ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேரைச் சுற்றிலும் தொங்கி ஆடும் தொம்பைகளைப் பார்க்காதவர் இந்த ஊரில் இல்லை. உருளை வடிவத்தில், வண்ணத் துணிகளை வெட்டி ஒட்டித் தைத்தவை அவை. அதன் சிறுவடிவத்தைக் குரோஷாவில் செய்ய 2-4 அளவுள்ள இரண்டு பிளாஸ்டிக் வளையல் போதும். ஒரு வளையலையே நூலால் மூடியபடி அதன்மேல் 48 சிங்கிள் போட்டு, அதிலிருந்து கீழ்நோக்கி ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சிங்கிளாகச் சுற்றிக்கொண்டே வர வேண்டும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், குழாயாகவே இறங்கும். நான்கு சுற்றுக்கு ஒரு நிறமாக 36 சுற்றுப் போட்டால் ஒன்பது பட்டையும் பதினைந்து சென்டிமீட்டர் நீளமும் வரும். கடைசிச் சுற்றில் இரண்டாவது வளையலையும் உள்ளே சேர்த்துப் பிடித்துப் பின்னிவிட்டால் வாய் வட்டமாக நிற்கும். கீழே நான்கு குஞ்சம். ஊஞ்சல் சங்கிலிக்கு இருபுறமும், கொலுப்படியின் ஓரத்திலும் தொங்கவிட இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைப்பது கடினம்.

சதுரமும் குஷன் உறையும்

உலகம் முழுக்கப் பரவிய குரோஷா வடிவம் சதுரம்தான். மிச்ச நூலைக் கழிக்க ஏற்ற வடிவம். வளையத்துக்குள் மூன்று டபுள், இரண்டு செயின் என்று நான்கு முறை. இரண்டு செயின் வரும் இடம் மூலை. அடுத்த சுற்றில் ஒவ்வொரு மூலை இடைவெளியிலும் மூன்று டபுள், இரண்டு செயின், மீண்டும் மூன்று டபுள். அதன்பின் ஒவ்வொரு சுற்றிலும் மூலைகள் அப்படியே. பக்கங்களில் மட்டும் ஒரு மும்மூன்று கூடிக்கொண்டே போகும். நான்கு சுற்றில் 10 சென்டிமீட்டர். 40 சென்டிமீட்டர் குஷனுக்கு 16 சதுரம். பின்பக்கத்துக்குக் காட்டன் துணியும் ஜிப்பும் தைத்துக்கொள்வது நூலையும் நேரத்தையும் மிச்சப்படுத்தும்.

நிறத்துக்குப் பாயின் பாடத்தை இங்கேதான் எடுத்துக்கொள்ள வேண்டும். 16 சதுரத்துக்கும் கடைசிச் சுற்று ஒரே நிறமாக, சந்தனமாகவோ வெளுக்காத பருத்தியின் நிறமாகவோ இருந்தால், உள்ளே என்ன நிறம் விளையாடினாலும் ஒன்றாகக் கட்டிப்போட்டுவிடும். உள்நிறம் மூன்றைத் தாண்ட வேண்டாம். எவை என்று குழப்பமாக இருந்தால் புடவை பீரோவைத் திறந்தால் போதும்: மாம்பழ மஞ்சளுக்கு அரக்கு, மயில்கழுத்துக்கு வாடாமல்லி என்று தலைமுறைகள் தேர்ந்து வைத்த ஜோடிகள் அங்கே மடித்து வைத்திருக்கின்றன.

தரையும் சுவரும் கணக்கில் வர வேண்டும். ஆற்றங்கரை அக்ரகாரங்களிலும் பழைய தெருக்களிலும் சிவப்பு ஆக்சைடு தரை இன்னும் பளபளக்கிறது. அந்தத் தரையில் அரக்கும் ஆரஞ்சும் காணாமல் போகும். பச்சையும் சந்தனமும் எடுப்பாக நிற்கும். வெள்ளை டைல்ஸ் போட்ட புது வீட்டில் நிலைமை நேர்மாறு: அங்கே சந்தனம் அழுக்கு போலத் தெரியும், அரக்கு ஒளிரும். பின்னத் தொடங்குவதற்கு முன் நூல் உருண்டைகளை அந்தந்த இடத்தில் பகல் வெளிச்சத்தில் ஒருமுறையும் விளக்கைப் போட்டு ஒருமுறையும் வைத்துப் பார்த்தால் பின்னால் பிரிக்கும் வேலை மிச்சமாகும்.

கால்மிதிக்கு நூல் வாங்கவே வேண்டாம். ஐந்தரை மீட்டர் நீளமும் 115 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பழைய காட்டன் புடவையை நீளவாக்கில் இரண்டு சென்டிமீட்டர் பட்டைகளாகக் கிழித்தால் 57 பட்டை, முந்நூறு மீட்டருக்கு மேல். 8 அல்லது 10 மில்லிமீட்டர் ஊசியில் சிங்கிளாகப் போட்டால் ஒரு கால்மிதிக்குத் தாராளம். பாபநாசத்தில் சடங்கு முடித்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிடும் வழக்கம் இன்னும் நிற்கவில்லை. கரையில் குவிகிற துணியை அகற்றுவதே அங்கே தனி வேலையாக இருக்கிறது. பட்டையாகக் கிழிக்கத் தகுந்த ஒரு புடவைகூட ஆற்றுக்குப் போகக் கூடாது.

கஞ்சி, துவைப்பு, விலை

பின்னி முடித்ததும் எதுவும் நேராக நிற்காது. நனைத்துப் பிழிந்து, தெர்மகோல் அட்டையில் வேண்டிய அளவுக்கு இழுத்து, துருப்பிடிக்காத குண்டூசியால் குத்தி உலரவிட்டால்தான் சதுரம் சதுரமாகும். இலைகள் விறைப்பாக நிற்க வடிகஞ்சியை நீர்க்கக் கரைத்து முக்கி எடுக்கலாம். கஞ்சி போட்டதைக் கரப்பான் தேடி வரும். சமையலறையில் மாட்டுவதற்குக் கஞ்சி வேண்டாம். துவைக்கும்போது முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, தட்டையாகப் போட்டு நிழலில் உலர்த்துவது நல்லது. கொடியில் தொங்கவிட்டால் நீரின் கனமே அதை நீட்டிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நன்றாக உலராததை மடித்து வைத்தால் கறும்புள்ளி விழும். அது பிறகு போகாது.

விற்க நினைப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. லேஸைத் துப்பவும் ஸ்வெட்டரைப் பின்னவும் இயந்திரம் உண்டு. அசல் குரோஷாவைப் போடும் இயந்திரம் சந்தைக்கு வரவில்லை. கடையில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்தக் கண்ணிகளை யாரோ ஒருவர் கையால்தான் போட்டிருக்கிறார். ஆந்திரத்து நரசாபூரில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து வளர்ந்த குரோஷா லேஸ் தொழில் உலகச் சந்தைக்குப் போயிற்று. 2024-இல் புவிசார் குறியீடும் பெற்றது. ஆனால் அந்தப் பெண்களைப் பற்றி ஆராய்ந்து மரியா மீஸ் 1982-இல் வெளியிட்ட நூல் காட்டிய உண்மை கசப்பானது: நாள் முழுக்கப் பின்னிய பெண்களை ‘வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்கிறவர்கள்’ என்று கணக்குப் போட்டு, கூலியை அடிமட்டத்தில் வைத்திருந்தார்கள். லாபம் வியாபாரிகளுக்குப் போனது. பீடி சுற்றும் கைகளை அறிந்த நெல்லைக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

அதனால் விலையை நூலிலிருந்து தொடங்காமல் கடிகாரத்திலிருந்து தொடங்க வேண்டும். ஒரு மேட் போட 25 நிமிடம் ஆகிறது என்றால் ஆறு மேட் கொண்ட ஒரு செட்டுக்கு இரண்டரை மணி நேரம். நுனிகளை ஓட்டி, குத்தி உலர்த்த இன்னொரு அரை மணி. அந்த மூன்று மணி நேரத்துக்கு அந்த ஊரில் ஒரு தையல்காரர் என்ன கூலி கேட்பாரோ அதை முதலில் எழுதி, அதன்மேல் நூல் விலையையும் கடைக்காரர் கமிஷனையும் சேர்க்க வேண்டும். வரும் தொகை அதிகமாகத் தெரிந்தால் கூலியில் கை வைக்கக் கூடாது. சுற்றைக் குறைக்கலாம், தடித்த நூலுக்கு மாறலாம், ஆறுக்குப் பதில் நான்காக விற்கலாம். ஒவ்வொரு செட்டோடும் ஒரு சின்னச் சீட்டு போக வேண்டும்: பருத்தி நூல், சாயம் சோதித்தது, குளிர்ந்த நீரில் கையால் துவைக்கவும், நிழலில் தட்டையாக உலர்த்தவும், பின்ன ஆன நேரம் மூன்று மணி.